மணி இல்லை என்று எழுதியவள்

உங்களுக்கும் என் வயதுதான். அதனால் ‘ஒறிஜினல்’ என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொம்பியூட்டர் விளையாட்டு அடைத்த வெள்ளை இறுவட்டு, சீடி. அதன் மேல் கறுப்பு மார்க்கர் பேனையால் ஒறிஜினல் என்று எழுதியிருக்கும். எழுதியிருந்ததால் நம்பினோம். உண்மையான ஒறிஜினலில் அப்படி ஒருவரும் எழுதுவதில்லை என்று நமக்கு யார் சொன்னார்கள்?

அப்படி ஒரு இறுவட்டை நம்பி, பதினான்கு வயதில், நான் ஒரு பொய் எழுதினேன். இருபது வருடத்துக்கு மேலாக அது எழுத்து மாறாமல் நின்றிருக்கிறது. போன மாசியில்தான் பார்த்தேன்.

வேலை பார்க்கிற கந்தோரில் மதியச் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஏன் என்று தெரியாமல், அந்தப் பழைய விளையாட்டின் பெயரைக் கைத்தொலைபேசியில் தேடினேன். அதற்கென்று ஒரு தளம் இன்னும் உயிரோடு இருந்தது. விளையாட்டை விரும்பியவர்கள் தாங்களாகவே சேர்ந்து நடத்துகிற தளம்; ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கம், எந்தப் பாறை எங்கே, எந்தக் கப்பலுக்கு எத்தனை அடி ஆழம் என்று. மூன்றாவது துறைக்கான பக்கத்தைத் திறந்தேன். ‘இங்கே மணியோசை கிடையாது. எண்ணிக்கையால் மட்டுமே கடக்கலாம்.’ பக்கத்தில் அண்ணாவின் பெயரும் என் பெயரும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி: ‘மணி கேட்டதாக முன்பு அறிவித்தவர், அது தன் கற்பனை என்று பின்னர் ஒப்புக்கொண்டார்.’ அறிவித்தவரின் முழுப் பெயரும் இருந்தது. எங்கள் கூட்டாளியின் பெயர்.

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருபோதும் இல்லை. அவன் ஒப்புக்கொண்டான் என்று எழுதியவள் நான்.

விரலில் கறிச்சாறு காயும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை எழுதியது போதும்.

*

சண்டை ஓய்ந்திருந்த ஒரு வருடம். தடைகள் குறைந்து, வீதிகள் திடீரென்று நீண்டுபோன வருடம். உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேசன் இருந்தது. வெளிநாட்டுக்குக் கதைக்க வருகிற சனத்துக்கு இரண்டு பலகைக் கூடு. பின்னறையில் இரண்டு கொம்பியூட்டர். உப்புக்காற்றில் பெட்டிகளின் ஓரம் துருப்பிடித்து, தொட்டால் விரலில் மண்ணிறம் ஒட்டும். வாசலில் மான்கள் நின்று கடைக்காரர் எறிகிற வாழைப்பழத் தோலைத் தின்னும். பலகைக் கூட்டுக்குள் யாரோ ஒரு தாய், “சாப்பிட்டியோ, சாப்பிட்டியோ” என்று கனடாவைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இவ்வளவும் ஒரே அறையின் சத்தம். அதற்குள்தான் நாங்கள் மூன்று பேர் கப்பல் விட்டோம்.

அண்ணா என்னைவிட ஒரு வயது மூத்தவன். கூட்டாளி அண்ணாவின் வகுப்பு, கிண்ணியாக்காரன். கிழமை நாட்களில் பட்டினத்தில் மாமா வீட்டில் நின்று படித்தான்; வெள்ளி பின்னேரம் பாதையில் ஏறி ஊருக்குப் போவான். பாலம் வருவதற்கு முன், லொறியையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடந்த அந்த மிதவையை நாங்கள் பாதை என்போம்.

விளையாட்டில் நீங்கள் துறைமுக வழிகாட்டி. பெரிய கப்பலுக்கு முன்னால் சின்னப் படகில் போய், பாறைகளுக்கு நடுவால் அதைக் கரைக்குக் கூட்டி வரவேண்டும். முதல் இரண்டு துறையும் லேசு. மூன்றாவதில் மூடுபனி. திரை முழுவதும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆகிவிடும். அண்ணா இருபது கப்பலைப் பாறையில் மோதினான்.

அந்தத் தளத்தில் அப்போது ஒரே ஒரு மனிதர்தான் எழுதுவார். எங்கோ குளிர் நாட்டில் இருந்தார். பிழை கண்டால் அவருக்கு மின்னஞ்சல் போடவேண்டும். மூன்றாவது துறைக்கு அவர் எழுதியிருந்தது: ‘மணியைக் கேளுங்கள், மணியின் பக்கம் திரும்புங்கள்.’

ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டோம். எஞ்சின் சத்தம் கேட்டது. அலை கேட்டது. மணி இல்லை.

“இந்தாளுக்கு விசரோ?” என்றான் அண்ணா.

கூட்டாளிதான் வழி கண்டுபிடித்தான். “மச்சான், நான் பாதையில போகக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு எண்ணுவன். எத்தினை எண்ணினா கரை வரும் எண்டு எனக்குத் தெரியும். இதையும் எண்ணிப் பாப்பம்.”

அப்படித்தான் எங்கள் வேலைமுறை உண்டானது. அண்ணா விசைப்பலகையில். கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவான். அவன் எண்ணிக்கை எஞ்சின் அடிப்பதுபோல, ஒன்றுக்கொன்று கூடாமல் குறையாமல் வரும். நான் சீ.ஆர். கொப்பியில் கோடு கோடாகக் குறிப்பேன். முப்பத்தெட்டில் முட்டியது. முப்பத்தொன்பதில் முட்டியது. நாற்பத்திரண்டில் இடப்பக்கம், பிறகு பதினேழில் வலப்பக்கம். ஒரு கிழமைக்குப் பிறகு, பனிக்குள்ளிருந்து கரை வந்தது. பலகைக் கூட்டில் கதைத்துக்கொண்டிருந்தவர் வெளியே எட்டிப் பார்க்குமளவுக்குக் கத்தினோம்.

கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் ஆங்கிலம் எனக்கு ஓடும். குளிர் நாட்டு மனிதருக்கு நான் எழுதினேன்: மணி என்று ஒன்று இல்லை, இதோ எண்ணிக்கை. ஒரு கிழமையில் பதில் வந்தது. நன்றி சொல்லி, மணி பற்றிய வரியை எடுத்துவிட்டு, எங்கள் எண்ணிக்கையைப் போட்டு, மூன்று பேருடைய பெயரையும் பக்கத்தில் சேர்த்திருந்தார். உலகத்தில் எங்கள் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அதுதான். பங்கீட்டு அட்டையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

*

விடுமுறையில் கூட்டாளியின் வாப்பா கட்டாரிலிருந்து வந்தார். ஒரு கொம்பியூட்டரும், பெட்டியோடு அந்த விளையாட்டும் கொண்டுவந்தார். விடுமுறை முடிந்து கொமினிகேசனுக்கு வந்தவனின் முகத்தில் வேர்வை.

“மச்சான், நாம எழுதினது பிழை. மணி இருக்கு.”

“எங்க இருக்கு?”

“எங்கட ஊட்ட. வாப்பா கொண்டந்த சீடியில. பனி வந்த உடன அடிக்குது. கிட்டப் போகப் போகப் பெருசாக் கேக்குது. உம்மா குசினியில இருந்து ஓடி வந்து, என்ன மனே இது மணிச் சத்தம் எண்டு கேட்டா.”

அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். “உங்கட பள்ளிவாசல்ல அடிச்சிருக்கும்.”

“பள்ளியில எங்கயடா மணி? அது உங்கட சேர்ச்சில.”

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அண்ணா சிரிக்கவில்லை. ஒரு பகிடியில் தோற்றுப்போனவன் அதை எளிதில் மன்னிப்பதில்லை. அதுவும் தங்கச்சிக்கு முன்னால்.

“எங்களிட்டை இருக்கிறது ஒறிஜினல்,” என்றான். கடைக்காரரைக் கூப்பிட்டான். “அண்ணை, இது ஒறிஜினல்தானே?”

கடைக்காரர் இறுவட்டைத் திருப்பிக் காட்டினார். “எழுதிக் கிடக்கெல்லோ தம்பி. கொழும்பில இருந்து வந்தது.”

பெரியவர் ஒருவர் சொன்னால் அது முடிந்த கதை. ஒரு இறுவட்டில் பத்து விளையாட்டை அடைப்பதற்காகச் சில ஒலிகளை வெட்டி எறிவார்கள் என்பதும், எறிந்ததில் எங்கள் மணியும் போயிருந்தது என்பதும் அந்த மனிதருக்கும் தெரிந்திருக்காது. அவர் பொய் சொல்லவில்லை. அவரும் மார்க்கர் பேனையை நம்பினார்.

“அப்ப வந்து கேளுங்க,” என்றான் கூட்டாளி. “சனிக்கிழமை வாங்க. பாதையடியில நான் நிக்கிறன். உம்மா சோறாக்குவா.”

வீட்டில் கேட்டோம். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தவ, நிமிரவில்லை.

“பாதை கடந்து ஒருத்தரும் போகத் தேவையில்லை. அங்கால் பக்கம் பிரச்சினையாம்.”

“ஒரு மணி கேக்கிறதுக்குத்தான் அம்மா,” என்றேன்.

“மணியோ? அவங்கட வாயில ஆயிரம் கதை வரும். எல்லாத்தையும் நம்பிக்கொண்டு திரியாத.”

நம் தாய்மார் அந்தக் காலத்தில் எத்தனையோ தடவை அப்படிச் சொன்னார்கள். பயத்தில் சொன்னார்கள். பிள்ளைகளைப் பட்டினத்துக்குள் வைத்திருக்க அவர்களிடம் வேறு கயிறு இருக்கவில்லை. இன்றைக்கு எனக்கு அது விளங்குகிறது. ஆனால் அன்றைக்கு அந்த வசனம் என் காதுக்குள் விழுந்து, ஒரு சின்ன ஆணிபோல நின்றுவிட்டது. அவங்கட வாயில. அந்தச் சனிக்கிழமை அவன் பாதையடியில் எவ்வளவு நேரம் நின்றான் என்று நாங்கள் கேட்கவில்லை.

*

அவன் தானாகவே குளிர் நாட்டு மனிதருக்கு எழுதினான். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், ‘மன்னிக்கவும், நாங்கள் சொன்னது பிழை, என் வீட்டில் மணி கேட்கிறது, என் உம்மாவும் கேட்டா’ என்று. பக்கம் மாறியது. எங்கள் எண்ணிக்கைக்கு மேலே, ‘மணி கேட்பதாக ஒருவர் அறிவித்துள்ளார்’ என்று ஒரு வரி.

அண்ணா அதைப் பார்த்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மின்விசிறி கொப்பியின் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது. “எங்கட பெயரை நாறடிச்சுப் போட்டான்,” என்றான். “எழுது. அவன் சொல்லுறது பொய் எண்டு எழுது.”

எழுதினேன். நாங்கள் நாற்பது தடவை சோதித்தோம் என்று எழுதினேன். அது உண்மை. அவன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். அது அண்ணா சொன்னது. பிறகு ஒரு வரி, அண்ணா சொல்லாத வரி, என் விரல்கள் தாமாகவே கண்டுபிடித்தன: ‘அந்தப் பையன் இது தன் கற்பனை என்று எங்களிடம் ஒப்புக்கொண்டான்.’

ஏன் எழுதினேன்? இவ்வளவு காலமாகக் கேட்கிறேன். நல்ல வசனமாக இருந்தது. கடிதத்துக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. அந்த வரி வந்ததும் கடிதம் கதவுபோலச் சாத்திக்கொண்டது. பிற்காலத்தில் கவிதை எழுதுகிறேன் என்று திரிந்த ஒருத்தியின் முதல் நல்ல வரி அது. சொல்லக் கூசுகிறது. ஆனால் உண்மை.

சில நாளில் அந்த வரி பக்கத்தில் ஏறியது. அடுத்த கிழமை அவன் வந்தான். சட்டைப் பைக்குள் அந்த இறுவட்டு, பெட்டியோடு. பை தாங்காமல் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

“போட்டுக் காட்டுறன்,” என்றான்.

கடைக்காரர் மறித்தார். “வெளிச் சீடி போட ஏலாது தம்பி. வைரஸ் வரும்.”

அவன் அண்ணாவைப் பார்த்தான். அண்ணா திரையைப் பார்த்தான். பிறகு கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் கொப்பியைப் பார்த்தேன். கொப்பியில் அவனுடைய எண்ணிக்கைதான், கோடு கோடாக.

“நான் எப்ப ஒப்புக்கொண்டன்?” என்று கேட்டான். சத்தம் போடவில்லை. யாரிடம் கேட்டான் என்றும் தெரியவில்லை. பிறகு போய்விட்டான். வாசலில் நின்ற மான் விலகி அவனுக்கு வழிவிட்டது.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அடுத்த வருடம் மார்கழியில் கடல் எழுந்து வந்தது. கிண்ணியாவில் எத்தனை வீடு போனதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவனும் வாப்பாவும் பிழைத்தார்கள், உம்மா இல்லை என்று பள்ளிக்கூடத்தில் கதைத்தார்கள். போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு சண்டை திரும்பவும் வந்தது. கொமினிகேசன் பூட்டுப்பட்டது. சீ.ஆர். கொப்பி எந்த இடப்பெயர்வில் தொலைந்ததென்று தெரியாது. போகாமல் இருப்பதற்கு எனக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

*

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். யாரோ ஒருவர் உண்மையான இறுவட்டில் ஆடி, மூன்றாவது துறையைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியிருந்தார். கந்தோர்க் கழிவறையில் நின்று, காதுக்குள் கருவியைச் செருகிக் கேட்டேன். திரை வெளுத்தது. எஞ்சின். அலை. பிறகு, மிகத் தூரத்தில், மணி.

இப்போது அந்தத் தளத்தை யாரும் திருத்தலாம். ஒரு சில மேற்பார்வையாளர்கள் பார்த்து ஏற்பார்கள். மணி இருக்கிறது என்று எழுதிப் படத்தையும் இணைத்தேன். ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். பழைய உரையாடல்களைப் புரட்டினால், இந்த இருபது வருடத்தில் வேறு சிலரும் மணி கேட்டதாக வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் என் வரியைக் காட்டி, இதுவும் அதே புரளி என்று துரத்தியிருக்கிறார்கள். ஒரு பொய் எத்தனை பேரைப் பொய்யராக்கியது.

ஆனால் அந்த ஒப்புதல் வரி போகவில்லை. ‘இது தவறு’ என்று மட்டும் எழுதி அழித்தேன். என் பெயரை இடவில்லை. நான்தான் இட்டுக்கட்டினேன் என்று எழுத அப்போதும் கை வரவில்லை. மறுநாள் வரி திரும்பி வந்திருந்தது. கூடவே ஒரு குறிப்பு: ‘மணி பற்றிய தகவல் வேறு; ஒருவர் ஒப்புக்கொண்டது வேறு. அவரே வந்து மறுக்கட்டும்.’

கனடாவில் இருக்கிற அண்ணாவுக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“உனக்கு வேற வேலை இல்லையோ? ஒரு கேமுக்கு இப்பவும் அழுறியே?”

“அவன்ர பெயர் அங்க கிடக்கு அண்ணா.”

“கிடக்கட்டும். ஆர் பாக்கினம்?” பிறகு, வேறு குரலில் சொன்னான்: “என்ர பெயரை எடுத்துப் போடாத. பிள்ளையளுக்குக் காட்டினனான்.”

சனிக்கிழமை கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன். பாலத்தைக் கடக்க எத்தனை எண்ணவேண்டும் என்று பார்த்தேன், பாதியில் பிசகிவிட்டது.

இறங்கி, கேட்டுக் கேட்டுக் கூட்டாளியைக் கண்டுபிடித்தேன். படகு எஞ்சின் திருத்துகிறார். அவர் என்றுதான் எழுத வருகிறது. தாடியில் நரை. கைகளில் எஞ்சின் ஒயில். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டதும் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க, வாங்க. அண்ணன் எப்படி? வெளிநாட்டிலயாமே.”

தொலைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மெதுவாக வாசித்தார். தன் பெயருக்கு மேல் விரலை வைத்தார். தொலைபேசிக் கண்ணாடியில் ஒயில் பதிந்தது.

“இது இன்னும் கிடக்கா?” என்றார். “உங்கட அண்ணன் வேகத்தில எழுதின. சின்னப் புள்ளத்தனம். நான் அண்டைக்கே உட்டுட்டன்.”

அப்படியே விட்டிருக்கலாம். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். அண்ணா கனடாவில் இருக்கிறான், எதுவும் அவனைத் தொடாது.

“அண்ணா இல்லை,” என்றேன். “நான். அவன் அதைச் சொல்லேல்லை. நானாத்தான் எழுதினனான்.”

அவர் கையில் இருந்த திருகாணியைத் துணியில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். வெளியே யாரோ ஒரு எஞ்சினை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், அது பிடிக்கவில்லை.

“ஓம்,” என்றார் கடைசியில். “நீங்க நல்லா இங்கிலீசு எழுதுவீங்க.”

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் படத்தைப் போட்டேன். திரை வெளுத்தது. மணி அடித்தது. அவருடைய கை நின்றது. தலையைச் சற்றுச் சாய்த்து, குசினிப் பக்கம் யாரோ வருவதைப் பார்ப்பவர்போல வாசலைப் பார்த்தார்.

“திரும்ப ஒருக்கா போடுங்க.”

போட்டேன்.

“இதுதான்,” என்றார். “அந்த சீடியும் போச்சு, ஊடும் போச்சு. சில நேரம் எனக்கே சந்தேகம் வந்திருக்கு, நான்தான் கற்பனை பண்ணினனோ எண்டு.”

அங்கே இருந்தே எழுதினேன். என் முழுப் பெயரையும் இட்டு, அந்த ஒப்புதலை நான்தான் இட்டுக்கட்டினேன், அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை என்று. எண்ணிக்கை முறை அவருடையது, எங்களுடையது அல்ல என்று. ஒவ்வொரு வரியாக வாசித்து, தமிழில் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே வந்தார்.

“வேற ஏதும் சேர்க்கவோ?”

“உம்மாவும் கேட்டா,” என்றார். “அதையும் போடுங்க.”

போட்டேன். அவர் தன் பெயரில், என் தொலைபேசியிலேயே, அதற்குக் கீழே ஒரு வரியில் உறுதிசெய்தார். விரலைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.

மேற்பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒப்புதல் வரி போய்விட்டது. எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இப்போது ஒரே ஒரு பெயர். அண்ணா அதற்குப் பிறகு எனக்கு அழைக்கவில்லை. அவனுடைய பிள்ளைகளுக்கு என்ன சொன்னானோ தெரியாது. நான் எழுதியதில் ஒரு வரியைத் தவிர எல்லாம் நிலைத்துவிட்டது. ‘அவருடைய தாயாரும் மணியைக் கேட்டார்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, மரியாதையாக ஒரு காரணம் எழுதியிருந்தார்கள்: விளையாட்டுக்குத் தொடர்பில்லாத தகவல்.

அவர்கள் சொல்வது சரி. அந்தத் தளத்தின் விதிப்படி முழுக்கச் சரி.

ஒவ்வொரு திங்களும், பார்சலைப் பிரிக்க முன், அந்த வரியை நான் திரும்பச் சேர்க்கிறேன். புதனுக்குள் யாரோ எடுத்துவிடுகிறார். போன கிழமை, இனியும் செய்தால் என்னைத் தடைசெய்வோம் என்று எச்சரித்தார்கள். இன்று திங்கள். குசினியிலிருந்து ஓடி வந்து, என்ன மனே இது மணிச் சத்தம் என்று கேட்ட ஒருத்தி, இரண்டு நாளைக்காவது அந்தப் பக்கத்தில் நிற்பா.